பெல்ட்டே இல்லாத இன்ஜினுக்கு டைமிங் பெல்ட் மாற்றிய ஒர்க்‌ஷாப்

பழைய காரை வீட்டில் யாருக்காவது தயார் செய்து கொடுக்க நினைப்பவர்கள், ஒர்க்‌ஷாப்பில் சாவியைக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். தாம்பரம் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் எங்களிடம் 52,000 ரூபாய் வாங்கினார்கள். அதில் பாதிக்கு மேல் செய்யாத வேலைக்கான காசு.

வண்டி 2011 மாடல் வேகன் ஆர். சித்தப்பா ஓட்டியது, 80,000 கிலோமீட்டர் தாண்டியிருந்தது. அக்காவுக்கு மதுராந்தகம் பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றல் வந்ததால் அவளுக்காக வாங்கினோம். கூடுவாஞ்சேரியிலிருந்து தினமும் ஜிஎஸ்டி ரோட்டில் (சென்னை-திருச்சி நெடுஞ்சாலை) போய் வர வேண்டும். அதனால் பிரேக், கிளட்ச் பார்த்து, அடியில் இருந்த துருவுக்கு டிங்கரிங் (தகடு வேலை) செய்து, நாலு டயரையும் மாற்றிக் கொடுங்கள் என்று விட்டோம்.

ரெண்டு நாளில் போன். "சார், டைமிங் பெல்ட் வெடிச்சிருக்கு. ஓடுறப்போ அறுந்துச்சுன்னா வால்வெல்லாம் வளைஞ்சு இன்ஜினே காலி. மேடம் தனியா ஓட்டப்போற வண்டி, ரிஸ்க் எடுக்காதீங்க." இன்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் ரப்பர் பெல்ட்தான் டைமிங் பெல்ட். ஆனால் அவர்கள் சொன்ன அந்தக் கடைசி வரியில்தான் மொத்த வியாபாரமும் இருக்கிறது. நம் வண்டி என்றால் நாலு கேள்வி கேட்போம். அக்கா நடு ரோட்டில் நிற்பாள் என்றால் யார் பேரம் பேசுவார்கள்? சரி, மாற்றுங்கள் என்றேன். 'டைமிங் பெல்ட் கிட் 4,800, லேபர் 2,500' என்று வாட்ஸ்அப்பில் கணக்கு வந்தது. வண்டியை எடுக்கும்போது பழைய பெல்ட்டைக் கேட்டேன். அழுக்கும் கிரீஸுமாகச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார்கள். அது அப்படியே டிக்கியில் கிடந்தது.

முதல் மழையில் காருக்குள் அக்காவின் காலடியில் கிடந்த மேட் நனைந்தது. அவள் வீட்டுப் பக்கம் தனியாக வேலை பார்க்கும் ஒரு வயதான மெக்கானிக்கிடம் காட்டினோம். கார்ப்பெட்டைத் தூக்கிவிட்டு, டிரைவர் சீட்டுக்கு முன்னால் தரையில் ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினார். பொத்தென்று உள்ளே போய்விட்டது. ஓட்டைக்கு மேல் பட்டி என்கிற அடைப்புப் பசை, அதன் மேல் சாணி போட்டு மெழுகினாற்போல் கறுப்பு அண்டர்கோட்டிங், அதாவது வண்டியின் அடியில் அடிக்கும் துருத்தடுப்புப் பூச்சு. இவ்வளவுதான் 14,000 ரூபாய் டிங்கரிங். துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுத்துவிட்டு, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். மேலே பூசி மறைத்தால் உள்ளே ஈரம் மாட்டிக்கொண்டு துரு இன்னும் வேகமாகத் தின்னும். வெளியே பார்க்க மட்டும் பளபளவென்று இருக்கும்.

அப்புறம் பில்லைக் கேட்டார். பில் எங்கே, 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த துண்டுச்சீட்டு, ஜிஎஸ்டி நம்பர்கூட இல்லை. டைமிங் பெல்ட் வரியில் விரலை வைத்துச் சிரித்தார். "தம்பி, இதுக்கு ஏதுப்பா பெல்ட்? செயின்ல ஓடுற இன்ஜின்."

விஷயம் இதுதான். 2010இல் வந்த புது வேகன் ஆரில் கே10பி என்ற 998 சிசி இன்ஜின். அதற்கு டைமிங் செயின், பெல்ட்டின் அதே வேலையைச் செய்யும் இரும்புச் சங்கிலி. அதற்கு முந்தைய 1.1 லிட்டர் வேகன் ஆருக்குத்தான் டைமிங் பெல்ட். பெயர் ஒன்றே என்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். டிக்கியில் கிடந்தது எந்த வண்டியின் பெல்ட்டோ!

திரும்பப் போய்க் கேட்டபோது, "பில்லு எழுதுற பையன் மாத்தி எழுதிட்டான் சார், அது ஃபேன் பெல்ட்" என்றார்கள். ஃபேன் பெல்ட் என்று அவர்கள் சொன்னது, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைச் சுற்றவைக்க இன்ஜினுக்கு வெளியே ஓடும் பெல்ட். அதில் நீளவாக்கில் வரி வரியாக இருக்கும். எங்களிடம் கொடுத்ததில் டைமிங் பெல்ட்டுக்கு இருப்பதுபோல் குறுக்கே பல். மேசை மேல் வைத்துக் காட்டியதும் ஓனருக்கு அவசரமாக வேறு போன் வந்துவிட்டது.

டயரும் அதே கதைதான். புதுசு என்று காசு வாங்கிய நாலில் இரண்டு, பாலிஷ் போட்ட பழசு. டயரின் பக்கச் சுவரில் டிஓடி (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு எண்களைப் பாருங்கள். எங்களுடையதில் 2216. அதாவது 2016ஆம் ஆண்டின் 22ஆவது வாரம் செய்தது. சில டயர்களில் இந்த எண் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும், உள்பக்கமாகத் திருப்பி மாட்டினால் குனிந்து தேட வேண்டும். எங்களுக்கு அப்படித்தான் மாட்டியிருந்தார்கள்.

எனவே வண்டியை விடும் முன் அதில் என்ன இன்ஜின், பெல்ட்டா செயினா என்று தெரிந்துகொள்ளுங்கள். பழைய பாகத்தைக் கழற்றும்போதே வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், முடிந்த பிறகு கையில் கொடுப்பதற்கு அர்த்தமில்லை. புதுப் பாகம் என்றால் விலை அச்சிட்ட அட்டைப்பெட்டி வேண்டும். பெரிய உதிரிபாகங்களை நாமே சென்னை ஜி.பி. ரோடு உதிரிபாகக் கடைகளில் வாங்கிக் கொடுத்துவிடலாம். அதற்கு ஒத்துக்கொள்ளாத ஒர்க்‌ஷாப் என்றால் வேறு இடம் பாருங்கள். டிங்கரிங்குக்கு, அண்டர்கோட்டிங் அடிக்கும் முன் நேரில் போய்த் தகட்டைத் தட்டிப் பாருங்கள். துரு தின்ற இடம் வேறு மாதிரி சத்தம் போடும், காதுக்கே தெரியும்.

ஏமாந்துவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகார் பதியலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். நாம் கொடுத்த காசு 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. துண்டுச்சீட்டு, ஜிபே ரசீது, வாட்ஸ்அப் மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள். பில் இல்லாத எங்களுக்கு அந்த 4,800 ரூபாய் மெசேஜ்தான் இப்போது பெரிய ஆதாரம்.

நோட்டீஸ் அனுப்பியதும், இரண்டு டயருக்கான காசை மட்டும் தருகிறோம், இதோடு விட்டுவிடுங்கள் என்று பேசினார்கள். ஒத்துக்கொள்ளவில்லை. மனு தயாராகிறது. வண்டி இப்போது அந்தப் பெரியவரிடம் தகடு வெட்டி வெல்டிங்கில் இருக்கிறது, அக்கா பஸ்ஸில்தான் பள்ளிக்குப் போய் வருகிறாள்.