டென்னிஸ் செட் கான்ட்ராக்ட்: விலையைப் படியுங்கள், காசு கட்டாதீர்கள்

"முதல் செட்டை இவர் எடுப்பாரா?" என்ற கேள்விக்கு 'ஆம்' கான்ட்ராக்ட் 60 சென்ட். எடுத்தால் 1 டாலர் கிடைக்கும், விட்டால் பூஜ்யம். அதாவது அவர் எடுக்க ஏறக்குறைய 60 சதவீத வாய்ப்பு என்று சந்தை சொல்கிறது. கல்ஷி, பாலிமார்க்கெட் போன்ற கணிப்புச் சந்தைத் தளங்களில் நடக்கும் வியாபாரம் இவ்வளவுதான். டென்னிஸைப் புரிந்து பார்க்க அந்த விலை அருமையான கருவி. வாங்கி விற்க மோசமான சரக்கு.

அருமை எது என்றால், செட் விலையிலிருந்து மேட்ச் விலையைக் கணக்குப் போட்டுவிடலாம். ஒவ்வொரு செட்டுக்கும் 60 சதவீத வாய்ப்புள்ளவர் மூன்று செட் மேட்சை ஜெயிக்க 64.8 சதவீதம், ஐந்து செட்டில் 68 சதவீதத்துக்குச் சற்று மேல். மூன்று செட் ஆட்டத்தில் முதல் செட்டை எடுத்துவிட்டால் 84, விட்டால் 36. மேட்ச் விலை இந்தக் கணக்கை விட்டு விலகி நின்றால் காயமோ களைப்போ இருக்கிறது என்று சந்தை நினைக்கலாம். சில நேரம் கமென்டேட்டர் சொல்லும் முன்பே அது விலையில் தெரியும்.

இனி செலவு. தோவாளைச் சந்தையில் பிச்சிப்பூ வாங்கிய கையோடு அங்கேயே திருப்பி விற்றுப் பாருங்கள், கொடுத்த விலை வராது. இங்கும் அப்படித்தான். மேட்ச் கான்ட்ராக்டை விட செட் கான்ட்ராக்டில் ஆள் குறைவு, அதனால் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி அகலம். வாங்க 52 சென்ட், விற்க 48 சென்ட் என்று வைத்துக்கொள்வோம். 100 கான்ட்ராக்ட் வாங்கி உடனே விற்றால் 4 டாலர் போச்சு. கல்ஷியின் வழக்கமான கட்டணம் 0.07 × எண்ணிக்கை × விலை × (1 − விலை). இந்த விலைகளில் வாங்கும்போது 1.75 டாலர், விற்கும்போது 1.75 டாலர். விலை அசையாமலே 52 டாலரில் 7.50 கரைந்துவிடுகிறது.

அடுத்தது தாமதம். செட் 4-4, பிரேக் பாயின்ட் (இன்னும் ஒரு பாயின்ட் விட்டால் சர்வ் போடுபவர் அந்த கேமை இழப்பார்). உங்கள் திரையில் சர்வ் போடுபவர் பந்தை இன்னும் தரையில் தட்டிக்கொண்டிருக்கிறார், விலையோ அதற்குள் சரிந்து நிற்கிறது. அம்பயர் கையிலுள்ள டேப்லெட்டில் பாயின்டைப் பதிந்ததும் ஸ்கோர் வெளியே போய்விடும். வீடியோ அதற்குப் பின்னால்தான் நம் போனுக்கு வரும். விம்பிள்டன் நேரம் நமக்குத் தென்மேற்குப் பருவமழை வேறு. கரன்ட் போய் நெட் இழுத்தால் கேட்கவே வேண்டாம். பாயின்டைப் பார்த்து வாங்குகிறவருக்கு, முடிவை முன்பே அறிந்தவர்தான் விற்கிறார்.

ஸ்கோரைப் படிப்பதிலும் தப்பு நடக்கும். 3-2 என்றால் முன்னிலை என்று துள்ளக் கூடாது. முதலில் சர்வ் போட்டவர் தன் சர்வை மட்டும் காப்பாற்றி வந்த 3 ஆக அது இருக்கலாம். இன்னொன்று: முதல் செட்டை வென்றவர் இரண்டாவதில் 0-4 என்று விழுந்தால், மூன்றாவதுக்கு மூச்சைச் சேமிக்க அந்த செட்டை விட்டுவிடுவது உண்டு. மேட்சுக்கு அது நல்ல கணக்கு. செட் கான்ட்ராக்ட் வைத்திருப்பவருக்குத்தான் நட்டம்.

காயத்தால் பாதியில் விலகினால் என்ன ஆகும் என்பது தளத்துக்குத் தளம் மாறும், விதிப் பக்கத்தில் இருக்கும். பாதிக்குப் பாதி தீர்ப்பு என்று இருந்தால், 80 சென்டுக்கு வாங்கியவர் கைக்கு 50தான் வரும்.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்கிறது. பணம் கைமாற வழி செய்பவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி வரை அபராதம். தமிழ்நாட்டின் 2022 ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டமும் இருக்கிறது. நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ யாராவது "ஐடி தரேன், யுஎஸ்டிடி (டாலர் மதிப்பிலான கிரிப்டோ) மாற்றித் தரேன்" என்றால் ஒதுங்குங்கள். அந்தப் பணம் மோசடிப் பணமாக இருந்தால் முடங்குவது உங்கள் வங்கிக் கணக்கு. ஏற்கெனவே ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள்.

காசு கட்டாமல் விலையைப் படிக்க ஒரு நோட்டு போதும். ஒவ்வொரு செட் தொடங்கும் முன் உங்கள் சதவீதத்தை எழுதி, பக்கத்தில் சந்தை விலையையும் முடிவையும் குறியுங்கள். 50 செட் எழுதியதும், நீங்கள் 70 என்று எழுதியவற்றில் பத்துக்கு ஏழு வந்ததா என்று எண்ணிப் பாருங்கள்.