ஸ்க்ராட்ச்ஜூனியர்: ரெண்டு பிள்ளைக்கு ஒரு டேப்லெட் போதும்

வகுப்புக்கு டேப்லெட் வந்த புதிதில் எழுத்து, கணக்கு என்று ஏழெட்டு செயலிகளை ஏற்றிவிட்டு நிம்மதியாக இருந்தேன். ஒரு வாரத்தில் பிள்ளைகள் வழி கண்டுபிடித்துவிட்டார்கள், கேள்வியைப் படிக்காமலே நாலு விடையையும் டக் டக்கென்று தட்டினால் எப்படியும் நட்சத்திரம் விழுந்துவிடுகிறது. எல்லாவற்றையும் தூக்கிவிட்டு, பிள்ளைகளே கட்டளைகளைக் கோத்துக் கதையும் விளையாட்டும் செய்கிற ஸ்க்ராட்ச்ஜூனியர் என்ற நிரலாக்கச் செயலியைப் போட்டேன். இப்போது மற்றதை யாரும் கேட்பதில்லை.

டஃப்ட்ஸ் பல்கலைக்கழகமும் எம்ஐடி மீடியா லேபும் சேர்ந்து 5 முதல் 7 வயதுப் பிள்ளைகளுக்காகச் செய்தது, 2014இல் வந்தது. இலவசம், விளம்பரம் இல்லை, இறக்கிவிட்டால் இணையமும் வேண்டாம். திரையில் ஒவ்வொரு கட்டளையும் ஒரு கட்டை. அதில் பெயர் எழுதியிருக்காது, அம்புக்குறி மாதிரி படங்கள்தான். அதனால் இன்னும் படிக்க வராத பிள்ளையும் தடுமாறுவதில்லை. பச்சைக் கொடிக் கட்டையில் தொடங்கி, கட்டைகளை இடமிருந்து வலமாகக் கோத்து, மேலே உள்ள பச்சைக் கொடியைத் தட்டினால் திரையில் உள்ள பூனை நடக்கும்.

பூனையை வீட்டு வாசல்வரை கொண்டுபோக ஒரு சின்னப் பெண் வலது அம்புக் கட்டையைப் பத்துத் தடவை வரிசையாகக் கோத்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்தவன் கட்டைக்கு அடியில் இருந்த 1-ஐத் தட்டி 10 ஆக்கினான், பூனை அதே இடத்தில் போய் நின்றது. ரெண்டு பேரும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள். திரையில் கட்டங்களைக் காட்டும் பொத்தானைச் சொல்லிக்கொடுத்த பிறகு, விரல் வைத்து எண்ணிவிட்டுத்தான் எண் போடுகிறார்கள். ஆளுக்கொரு டேப்லெட் கொடுத்திருந்தால் இந்தப் பேச்சு நடந்திருக்காது. ஒருத்தர் தட்ட, இன்னொருத்தர் சொல்ல, பாதி நேரம் சண்டைதான், ஆனாலும் பூனையைப் பற்றிய சண்டை!

குரல் பதிவுக் கட்டைதான் பிள்ளைகளுக்கு உயிர். வகுப்பில் செய்தால் அடுத்த குழுவின் கூச்சலும் கதைக்குள் வந்துவிடுகிறது, நாங்கள் இப்போது வராந்தாவில் போய்ப் பதிவு செய்கிறோம். அப்புறம், பூனை மாதிரிக் கதாபாத்திரத்தை அழுத்திப் பிடித்தால் அழிக்கும் குறி வரும், முதல் நாள் ரெண்டு பேர் அழுதார்கள். அழிந்ததைத் திரும்பக் கொண்டுவரும் செயல்நீக்கும் பொத்தானை முதலிலேயே காட்டிவிடுங்கள்.

எரிச்சலெல்லாம் கருவியில்தான். எந்த மேசையில் இருந்தும் விழும், ரப்பர் உறை இல்லாமல் கொடுக்கவே கூடாது. ஈரக் கை பட்டால் திரை சொன்னபடி கேட்காது. முந்தின நாளே சார்ஜ் போட மறந்தால் அன்றைக்கு வகுப்பு அவ்வளவுதான்.

ஒரு திட்டத்துக்கு நாலு பக்கம்தான், அதாவது நாலு காட்சி, எனக்கு அதுவே பிடித்திருக்கிறது, கதை இழுக்காமல் முடிகிறது. ஆனால் எட்டு வயதைத் தாண்டியவர்களுக்குச் சீக்கிரம் பத்தாமல் போகும். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் பந்து விளையாட்டு செய்துவிட்டு, “ஸ்கோர் எங்க டீச்சர் போடறது?” என்று கேட்டான். இதில் அதற்கு வழி இல்லை. அவனுக்கு மட்டும் கணினியில், பெரிய பிள்ளைகளுக்கான ஸ்க்ராட்சைத் திறந்துகொடுத்திருக்கிறேன்.