தாளா, ஃபிக்மாவா? எச்சிஐ ப்ராஜெக்ட்டின் முதல் ப்ரோட்டோடைப்

எச்சிஐ (மனிதரும் கணினியும் ஊடாடும் விதத்தைப் படிக்கும்) பாடத்தில் ப்ராஜெக்ட் தலைப்பு முடிவானதும் குழுவுக்குள் முதல் வாக்குவாதம் இதில்தான் தொடங்கும்: ப்ரோட்டோடைப்பை, அதாவது செயலியின் முதல் மாதிரியை, தாளில் வெட்டி ஒட்டிச் செய்வதா, நேராக ஃபிக்மா என்ற திரை வடிவமைப்பு மென்பொருளில் இறங்கிவிடுவதா? செட்டிக்கரை அரசுப் பொறியியல் கல்லூரியில் படித்தாலும் பர்கூர் கல்லூரியில் படித்தாலும் கை போவது ஃபிக்மா பக்கம்தான். லேப்டாப் இருக்கிறது, யூடியூபில் பாடம் கிடக்கிறது, ரெஸ்யூமேயில் ஒரு வரி கூடும். தாளைப் பார்த்தால் ஆறாம் வகுப்பு கைவேலை ஞாபகம் வரும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயனர்களிடம் காட்டிப் பார்க்கும் முதல் இரண்டு சுற்றுக்குத் தாள். மூன்றாவது சுற்றுக்கும் வைவாவுக்கும் (வாய்மொழித் தேர்வு) ஃபிக்மா.

பேச்சு அந்தரத்தில் தொங்காமலிருக்க ஒரு தலைப்பை எடுத்துக்கொள்வோம். ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கத்துத் தக்காளி விவசாயி ஃபோனில் மண்டி விலையைப் பார்த்துவிட்டு, நாளைக்கு எத்தனை கிரேட் (தக்காளிப் பெட்டி) கொண்டுவருகிறார் என்று முன்கூட்டியே பதிய ஒரு செயலி. எட்டுப் பத்துத் திரைகள் வரும்.

செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. தாள் வேலை 150 ரூபாய்க்குள் முடியும். ஃபிக்மாவின் இலவசத் திட்டமே ஒரு ப்ராஜெக்ட்டுக்குப் போதும். மாணவர் என்று நிரூபித்தால் கல்வித் திட்டமும் இலவசம். அழகு என்றால் ஃபிக்மாதான், அதில் பேச்சே இல்லை. கண்டுபிடிக்கும் குறைகளின் எண்ணிக்கையிலும் ஒன்றை ஒன்று மிஞ்சாது. 1996ல் எச்சிஐ ஆய்வாளர்கள் கூடும் சிஎச்ஐ மாநாட்டில் விர்சி, சோகோலோவ், காரிஸ் மூவரும் இதை ஒப்பிட்டுக் காட்டினார்கள்: கரடுமுரடான மாதிரியில் சிக்கிய குறைகளும் மெருகேற்றிய மாதிரியில் சிக்கிய குறைகளும் பெரும்பாலும் ஒன்றேதான். 2003ல் செஃபெலின் குழு செய்த ஒப்பீட்டிலும் தாளுக்கும் கணினிக்கும் வந்த விமர்சனங்கள் ஏறக்குறைய ஒரே அளவு. எதில் செய்ய விருப்பம் என்று கேட்டபோது மட்டும் ஆட்கள் கணினியைக் காட்டினார்கள்.

அப்படியென்றால் எதை வைத்து முடிவெடுப்பது? திருத்தச் செலவை வைத்து. ஒருவரிடம் காட்டி முடித்து அடுத்தவர் வந்து உட்காருவதற்குள் ஒரு மாற்றத்தைப் போட்டுவிட முடியுமா? மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

காரணம் எல்லாருக்கும் மனப்பாடமான 'ஐந்து பயனர் போதும்' என்ற கணக்கிலேயே இருக்கிறது. எச்சிஐ ஆய்வாளர்கள் நீல்சனும் லாண்டவரும் 1993ல் போட்ட கணக்குப்படி ஒரு பயனர் சராசரியாக 31 சதவீதக் குறைகளை வெளிக்கொண்டு வருவார். ஐந்து பேரில் ஏறக்குறைய 85 சதவீதம் தெரிந்துவிடும். தேர்வில் இதுவரைக்கும் எழுதிவிட்டு விட்டுவிடுகிறோம். இதோடு சேர்த்து நீல்சன் சொன்னது: 15 பேர் கிடைத்தால் 15 பேரையும் ஒரே மாதிரியில் உட்கார வைக்காதே, ஐந்து ஐந்தாக மூன்று சுற்று வை, நடுவில் திருத்து. நடுவில் திருத்தாவிட்டால் ஐந்தாமவரும் அதே கல்லில்தான் தடுக்கி விழுவார். நோட்டில் அதே குறையை ஐந்தாம் முறை எழுதுவோம். (விவசாயி, மண்டிக்காரர் என்று இரண்டு வகைப் பயனர் இருந்தால் வகைக்கு மூன்று நான்கு பேர் வேண்டும் என்பதும் அவர் சொன்னதே. இதையும் ரெக்கார்டு நோட்டில் பலர் விட்டுவிடுகிறார்கள்.)

தக்காளிச் செயலியில் வரக்கூடிய இரண்டு திருத்தங்களை எடுத்துப் பார்ப்போம்.

முதலாவது, சொல் மாற்றம். திரைகளின் அடியில் 'சமர்ப்பி' என்றொரு பொத்தான். பயனர் அதைப் படித்துவிட்டுக் கையை எடுத்துக்கொள்கிறார். 'அனுப்பு' என்று மாற்ற வேண்டும். தாளில் ஒரு துண்டை மேலே ஒட்டி எழுதினால் ஒரு நிமிடம். ஃபிக்மாவில் அந்தப் பொத்தானை கம்போனன்ட்டாக (எல்லா இடத்திலும் பயன்படும் ஒரே மூல அச்சாக) வைத்திருந்தால் அதைவிட வேகம்: ஒரு இடத்தில் மாற்றினால் எல்லாத் திரையிலும் மாறும். இங்கே ஃபிக்மாவுக்கே மார்க். ஆனால் மாணவர் கோப்புகளில் கம்போனன்ட் இருப்பது அபூர்வம். ஒரு ஃபிரேமை, அதாவது ஒரு திரையை, காப்பி அடித்து ஒன்பதாக்கி வைத்திருப்போம். ஒன்பது இடத்தில் மாற்றும்போது எட்டு மாறும், ஒன்று தப்பும். அந்த ஒன்று வைவா அன்றைக்குத்தான் கண்ணில் படும்.

இரண்டாவது, வரிசை மாற்றம். செயலியைத் திறந்ததும் மாவட்டம், வட்டம், மண்டி என்று மூன்று திரை கேட்டுவிட்டு அப்புறம் விலை காட்டுகிறோம். பயனருக்கு விலை முதலில் வேண்டும். தாளில் நான்காவது சீட்டை முதலாவதாக வைத்து, மண்டிப் பெயரை அதன் தலையில் ஒரு சிறு சீட்டாகச் செருகினால் முடிந்தது. ஃபிக்மாவில் திரைகளை நகர்த்துவது சுலபம். எதை அழுத்தினால் எந்தத் திரைக்குப் போகும் என்று காட்டும் அம்புக்கோடுகளைத் திரும்ப இழுப்பதில்தான் மாட்டிக்கொள்வோம். பழைய கோடு ஒன்று மிஞ்சினால் பயனர் அழுத்தியதும் சம்பந்தமில்லாத திரைக்குப் போய்விடும். கோடே இல்லாவிட்டால் அழுத்தினால் ஒன்றும் நடக்காது, பதிலுக்கு அழுத்தக்கூடிய இடமெல்லாம் நீலமாக மின்னும். எங்கே அழுத்த வேண்டும் என்று செயலியே காட்டிக்கொடுத்தால் அது என்ன பரிசோதனை? ப்ரோட்டோடைப் அமைப்பில் அந்த ஹாட்ஸ்பாட் குறிப்பை அணைத்துவிட்டுத்தான் ஃபோனைக் கையில் கொடுக்க வேண்டும்.

இதெல்லாம் லேப்டாப்பில் சார்ஜும் ஃபோனில் நெட்டும் இருக்கும்போது. அஞ்செட்டி, பெட்டமுகிலாளம் மாதிரி மலை ஊர்களில் டவர் வந்து வந்து போகும். ஃபிக்மா இணையத்தை நம்பியே ஓடுவது. திறந்து வைத்த ப்ரோட்டோடைப் ஓரளவு தாங்கும், ஆனால் அங்கேயே திருத்தி அங்கேயே அடுத்தவருக்குக் காட்டலாம் என்ற எண்ணத்தை மூட்டை கட்டிவிடலாம்.

மனசு சம்பந்தப்பட்ட செலவும் ஒன்று உண்டு. இரண்டு ராத்திரி உட்கார்ந்து நிழல், வளைவு, ஐகான் எல்லாம் பார்த்துப் பார்த்து வைத்த திரையைக் கலைக்க யாருக்கும் கை வராது. "அவருக்குத்தான் புரியல, போகப் போகப் பழகிடும்" என்று பயனர் மேல் பழி போடத் தொடங்குவோம். பத்து நிமிடத்தில் கிறுக்கிய சீட்டைக் கிழித்துப்போட யாரும் அழுவதில்லை. பார்ப்பவர் தரப்பிலும் இப்படித்தான். பளபளவென்ற திரையைக் காட்டினால் "கலர் நல்லா இருக்குப்பா" என்பதோடு பேச்சு முடியும். தாளைக் காட்டினால் "இதென்ன கிலோவுக்கா, கிரேட்டுக்கா வெலை?" என்று விஷயத்துக்கு வருவார்கள்.

சரி, தாளை ஒழுங்காகச் செய்வது எப்படி? பெரும்பாலான தாள் ப்ரோட்டோடைப் தோற்பது தாளால் அல்ல, தயாரிப்பால்.

6.5 அங்குல ஃபோன் திரை ஏறக்குறைய 6.8 செ.மீ. அகலம், 15 செ.மீ. உயரம். உயரத்தை 14.5 ஆகக் குறைத்துக்கொண்டால் ஒரு ஏ4 தாளில் ஆறு திரை அடங்கும். வெற்றுச் சட்டத்தை ஒருமுறை வரைந்து பத்துப் பிரதி ஜெராக்ஸ் எடுத்தால் 60 திரை கையில். செருப்புப் பெட்டி அட்டையில் அதே அளவுக்கு ஜன்னல் வெட்டினால் ஃபோன் தயார். நீளத் திரைக்கு ஜன்னலின் மேலும் கீழும் கத்தியால் கீறல் போட்டு, நீளப் பட்டையைச் செருகி இழுக்க வேண்டும். டிராப்டவுனுக்கு விசிறி மடிப்புச் சீட்டு. எழுதும் இடத்துக்கு மேல் ஓஎச்பி ஷீட் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள்) துண்டு ஒன்றைப் போட்டு மார்க்கரைக் கையில் கொடுங்கள்; ஈரத்துணியில் அழிகிற மார்க்கராகப் பார்த்து வாங்குங்கள். விவசாயி "25" என்று எழுதுகிறாரா, "25 கிரேட்" என்று எழுதுகிறாரா என்பது இங்கேதான் தெரியும். சாதாரண ஃபிக்மா ப்ரோட்டோடைப்பில் எழுத்துப்பெட்டியில் நிஜமாக எழுதவே முடியாது. அழுத்தினால் நாம் முன்னமே அடித்து வைத்த "25" வந்து நிற்கும்.

சீட்டை ஒட்டக் கம் ஸ்டிக் வேண்டாம், காய்ந்தால் பெயராது. ஸ்டிக்கி நோட்டின் பசை விளிம்பை வெட்டிப் பயன்படுத்தலாம். மண்டியில் காற்றடிக்கும், ஆகவே பரீட்சை அட்டையும் நாலு பைண்டர் கிளிப்பும் கட்டாயம்.

நான்கு பேர் குழு என்றால் ஒருவர் பேச, ஒருவர் பயனர் தொட்டதும் அடுத்த சீட்டை வைத்துக் கணினியாக நடிக்க, ஒருவர் எழுத, ஒருவர் கைகளை மட்டும் வீடியோ எடுக்க (கேட்டுவிட்டு, முகம் வேண்டாம்). பெரும்பாலும் தவறு செய்வது கணினியாக நடிப்பவர். பயனர் யோசிக்கும்போதே அவர் கை சரியான சீட்டுப் பக்கம் நகர்ந்துவிடும், பயனர் கண் அந்தக் கையைப் பின்தொடரும். சீட்டுகளைப் பயனருக்குத் தெரியாமல் மடியில் அடுக்கி வைத்து, விரல் தாளைத் தொட்ட பிறகே எடுக்க வேண்டும். வாயையும் திறக்கக் கூடாது. பேசுபவர் செய்யும் தவறு வேறு மாதிரி. "எப்படி இருக்குண்ணா?" என்று கேட்டால் "நல்லா இருக்கு தம்பி" என்றுதான் பதில் வரும், நம் ஊர் மரியாதை அப்படி. வேலையைக் கொடுங்கள்: "நாளைக்கு 20 கிரேட் வருதுன்னு இதுல சொல்லணும்ணா, என்ன பண்ணுவீங்க?" மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னால் பலருக்குக் கூச்சம். அப்போது பக்கத்துக் காட்டுக்காரர் ஒருவரையும் சேர்த்து உட்கார வைத்தால் இருவரும் தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்வார்கள், நமக்கு வேண்டியது தானாக வரும். ஏலம் நடக்கும்போது போய் நிற்காதீர்கள். எடை போட்டு முடித்துக் காத்திருக்கும் நேரம்தான் தோது. ஆளுக்கு மூன்று வேலை, 20 நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் போகிறவர்களுக்குத் தாளில் இன்னொரு வசதி. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுபவர் வந்தால், எந்தச் சொல் அவர் வாயில் வருகிறதோ அதையே அங்கேயே எழுதி வைத்துப் பார்க்கலாம்.

தாள் பொய் சொல்லும் இடங்களும் உண்டு. முதலாவது, தமிழின் நீளம். கையால் நெருக்கி எழுதும்போது 'உறுதிப்படுத்து' பொத்தானுக்குள் அழகாக அடங்கிவிடும். ஃபோனில் 16 அளவு எழுத்தில் அடித்தால் இரண்டு வரிக்கு மடியலாம். ஆகவே பொத்தான் சொற்களை மட்டுமாவது ஃபோனில் ஒருமுறை அடித்து அகலம் பாருங்கள். இரண்டாவது, விரல் அளவு. 48 டிபி (ஆண்ட்ராய்டின் திரை அளவு அலகு) பொத்தான் நிஜத்தில் 8-9 மி.மீ. உயரம்தான், தாளில் நாம் தாராளமாக ஒன்றரை சென்டிமீட்டர் வரைந்துவிடுவோம். ஃபிட்ஸ் விதியை (இலக்கின் அளவையும் தூரத்தையும் வைத்துத் தொட ஆகும் நேரத்தைச் சொல்வது) வைத்துக் கணக்குப் போட நினைப்பவர்களுக்குத் தாள் உதவாது. நேர அளவும் அப்படியே: சீட்டு தேடும் நேரமும் அதில் கலந்துவிடும். எஸ்யூஎஸ் கேள்வித்தாளையும் (பயன்படுத்த எவ்வளவு சுலபம் என்று மதிப்பெண் போடுவது) தாள் சுற்றில் கொடுப்பதில் அவ்வளவு பயனில்லை. அந்தப் பத்து வாக்கியமும் ஒரு செயலியைப் பயன்படுத்திப் பார்த்தவரின் கருத்தைக் கேட்பவை.

அதனால்தான் மூன்றாவது சுற்றுக்கு ஃபிக்மா. அங்கே தமிழுக்கென்று நாலு விஷயம். இயல்பாக வரும் இன்டர் எழுத்துருவில் தமிழ் கிடையாது. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை இவற்றில் ஒன்றை முதலிலேயே தேர்ந்துகொள்ளுங்கள். பழைய பாமினி எழுத்துருவில் அடித்து ஒட்டாதீர்கள், எழுத்துரு மாறினால் ஆங்கிலக் குப்பையாகிவிடும். வரி உயரம் ரொம்பக் குறைந்தால் மேல்வரியின் 'கூ'வும் கீழ்வரியின் 'கீ'யும் முட்டிக்கொள்ளும். பொத்தான், தலைப்புப் பட்டை, விலைச் சீட்டு மூன்றையும் முதல் நாளே கம்போனன்ட்டாக்கிவிட்டால் மேலே சொன்ன ஒன்பது இடத் தொல்லை பாதி தீரும்.

நடுவழி ஒன்றும் இருக்கிறது: தாள் திரைகளைப் படமெடுத்து ஃபிக்மாவில் ஏற்றி, மேலே கண்ணுக்குத் தெரியாத பொத்தான் வைப்பது. ஆள் குறைவான குழுவுக்கு இது ஆகும், ஆனால் அம்புக்கோட்டுத் தலைவலி திரும்ப வந்துவிடும். குரலால் இயங்கும் செயலிக்கோ, எழுத்துக்கூட்டியே படிக்கும் பெரியவர்களுக்கோ தாள் எந்த அளவு எடுபடும் என்பதில் எனக்கு அனுபவம் குறைவு. அங்கே ஒருவரிடம் காட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வைவாவில் "தாள்தானா?" என்ற பார்வை வரும். அதற்கு முன்னேற்பாடு முதல் நாளே தொடங்க வேண்டும். ஒவ்வொரு சீட்டின் பின்பக்கமும் எண், தேதி, சுற்று எழுதுங்கள். 2, 2அ, 2ஆ என்று போனால் எது எதற்குப் பதில் வந்தது என்று தெரியும். நீக்கிய சீட்டைக் குப்பையில் போடாமல், அதை நீக்க வைத்த பயனரின் வார்த்தையைப் பின்பக்கத்திலேயே ஒரு வரி எழுதி ரெக்கார்டில் பழையது இடப்பக்கமும் புதியது வலப்பக்கமுமாக, பின்பக்கம் புரட்டிப் பார்க்கும்படி மேல்விளிம்பில் மட்டும் ஒட்டிவிடுங்கள். ஒட்டும் முன் ஃபோனில் ஒரு படம். கம் ஸ்டிக் இப்போது எடுக்கலாம்.