க்ளாஸுக்கு வாட்ஸ்அப் கம்யூனிட்டி: ஒரு டீச்சரோட ரிவ்யூ
பேரன்ட்ஸ்கிட்ட தகவல் சொல்றதுக்கு சாதா குரூப்ப விட வாட்ஸ்அப் கம்யூனிட்டி ரொம்பவே பெட்டர்ங்க, பல குரூப்ப ஒரே இடத்துல சேர்த்து வைக்கிற, 2022ல வந்த வசதி இது. அனவுன்ஸ்மென்ட் பகுதியில அட்மின் மட்டும்தான் புதுசா மெசேஜ் போட முடியும், அதனால நாளைக்கு டெஸ்ட்னு போட்டா அது குட்மார்னிங் படங்களுக்கு நடுவுல காணாம போகாது, அதவிட முக்கியம் ஒரு அம்மாவோட நம்பர் அங்க மத்த பேரன்ட்ஸுக்கு தெரியாது. கம்யூனிட்டிக்கு கீழ தனி குரூப் வச்சா அதுல இருக்குறவங்களுக்குள்ள தெரியும், அத மட்டும் பாத்துக்கோங்க. பசங்கள சேர்க்கணும்னா 13 வயசு ஆகியிருக்கணும், சின்ன க்ளாஸ்னா பேரன்ட்ஸ் போதும். மார்க்கு, கண்டிப்பு எதையும் தயவுசெஞ்சு பொதுவுல போடாதீங்க, பிள்ளை மனசு உடைஞ்சிடும், தனியா பேசுங்க. மீட்டிங்குக்கு வரமுடியாத அப்பாங்க இப்ப எனக்கு தனியா வாய்ஸ் நோட் அனுப்பி பிள்ளைய பத்தி விசாரிக்கிறாங்க, அதுக்காகவே அஞ்சு ஸ்டார்.