ராமா தொடர்: முதல் புத்தகத்தோடு நிறுத்தியிருக்கலாம்

அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் ராமா வரிசையில் நான்கு நாவல்கள். முதலாவது 1973இல் வந்தது. அடுத்த மூன்றும் 1989, 1991, 1993இல், ஜென்ட்ரி லீயுடன் சேர்ந்து எழுதியவை. முதல் புத்தகம் கல்லூரிக் காலத்திலிருந்து என்னிடம் இருக்கிறது; பைண்டிங் விட்டுப்போய் செலோ டேப்பில் நிற்கிறது. மற்ற மூன்றையும் கடைசிப் பக்கம்வரை படித்தேன். இரண்டாவதையும் நான்காவதையும் சில வருடம் கழித்து இன்னொரு முறையும் எடுத்துப் பார்த்தேன், அபிப்பிராயம் மாறவில்லை. கதையின் முடிச்சுகளை எல்லாம் கீழே அவிழ்த்திருக்கிறேன். இனிமேல்தான் படிக்க வேண்டும் என்று இருப்பவர்கள் இங்கேயே திரும்பிவிடலாம்.

முதல் நாவலில் 2077இல் ஒரு விண்கல் வடக்கு இத்தாலியில் விழுந்து பதுவா, வெரோனா நகரங்களை அழிக்கிறது. மறுபடி இப்படி நடக்கக் கூடாதென்று வானத்தைக் கண்காணிக்க 'ஸ்பேஸ்கார்ட்' என்ற திட்டம் வருகிறது. (1992இல் பூமியை நெருங்கும் சிறுகோள்களைத் தேடுவது பற்றிய நாசா அறிக்கைக்கு இந்தப் பெயரையே எடுத்துக்கொண்டார்கள்.) அந்தக் கண்காணிப்பில்தான் 50 கிலோமீட்டர் நீளமும் 20 கிலோமீட்டர் விட்டமும் கொண்ட ஓர் உருளை, வேற்றுலகத்தார் கட்டிய விண்கலம், அகப்படுகிறது. கிரேக்க, ரோமானியக் கடவுள் பெயர்கள் எல்லாம் தீர்ந்துவிட்டதால் அதற்கு ராமா என்று பெயர். மற்றபடி ராமாயணத்தைத் தேடிப் போகாதீர்கள்.

உருளை நான்கு நிமிடத்துக்கு ஒரு முறை சுழல்கிறது. அந்தச் சுழற்சி எதையும் சுவரோடு அழுத்துவதால் உட்சுவரே தரை. நடுவில் வளையம்போல ஒரு கடல், அண்ணாந்து பார்த்தால் தலைக்கு மேலும் அதே கடல். அதன் வடகரையில் சுவர் 50 மீட்டர், தென்கரையில் 500 மீட்டர். ஏன் இந்த வித்தியாசம்? ராமா வேகமெடுக்கும்போது தண்ணீர் பின்னுக்குத் தள்ளப்பட்டுத் தென்சுவரில் ஏறும், அது வழியாமல் இருக்கத்தான் அவ்வளவு உயரம். ஆக இந்தக் கலம் எந்தத் திசையில் போகக் கட்டப்பட்டது, அதிகபட்சம் எவ்வளவு முடுக்கத்தைத் தாங்கும் என்பதெல்லாம் ஒரு சுவரின் உயரத்திலிருந்தே தெரிந்துவிடுகிறது. கட்டியவர்கள் யாரும் வந்து விளக்கவில்லை. எத்தனை முறை படித்தாலும் அந்த இடத்தில் எனக்கு உற்சாகம் குறைந்ததில்லை.

ஜிம்மி பாக் என்ற இளைஞன் ரகசியமாகக் கொண்டுவந்த மிதிவண்டி விமானத்தில் தென்முனைக்குப் பறக்கும் பகுதியும் அப்படித்தான். மின்புயலில் சிக்கி விழுகிறான். நண்டு போன்ற ஒரு இயந்திர உயிர் வந்து உடைந்த வண்டியைத் துண்டு துண்டாக நறுக்குகிறது, பக்கத்தில் நிற்கும் அவனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நாவலின் மொத்தக் குணமும் அதுதான். கடைசியில் ராமா சூரியனுக்கு அருகே போய், பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்துவதுபோல சக்தியை நிரப்பிக்கொண்டு, மகெல்லன் மேகம் என்ற பக்கத்து விண்மீன் மண்டலத்தை நோக்கிப் போயே போய்விடுகிறது. நம்மைப் பார்க்க அது வரவே இல்லை. மனித இனத்துக்கு இதைவிடப் பெரிய அவமானமும் கிடையாது, அதைவிடச் சுவாரசியமான முடிவும் கிடையாது.

குறை இல்லாமல் இல்லை. ராமாவுக்குள் போகும் குழுவின் கேப்டன் நார்ட்டன் உட்பட எல்லோரும் காகிதத்தில் வெட்டிய ஆட்கள்தான். எடையற்ற நிலையில் பெண்களின் உடலைப் பற்றி ஒரு பத்தி வரும், இன்றைக்குப் படித்தால் முகம் சுளிக்கும். ஆனால் 46 சின்ன அத்தியாயங்கள், வேகமாக ஓடிவிடும்.

'ராமர்கள் (ராமாவைக் கட்டியவர்கள்) எதையும் மூன்று மூன்றாகச் செய்வார்கள்' என்ற கருத்தோடு புத்தகம் முடியும். தொடர்ச்சி எழுதும் எண்ணமே தனக்கு இருக்கவில்லை, அது கடைசி நேரத்தில் சேர்த்தது என்று கிளார்க்கே பிறகு எழுதினார். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு மூன்று தடிப் புத்தகங்கள்! லீ சாதாரண ஆள் இல்லை. செவ்வாய்க்குப் போன வைக்கிங் திட்டத்திலும் வியாழனுக்குப் போன கலிலியோ திட்டத்திலும் பணியாற்றிய பொறியாளர். அப்படிப்பட்டவர் வந்தால் இன்னும் பத்து சுவர்க் கணக்கு கிடைக்கும் என்றுதானே எதிர்பார்ப்போம்? கிடைத்தது குடும்பக் கதை.

இரண்டாம் நாவலில் இரண்டாவது ராமா வருகிறது. பன்னிரண்டு பேர் கொண்ட குழு. ஆனால் உள்ளே நுழைவதற்குள் உலகப் பொருளாதார வீழ்ச்சி, டிவி பேட்டிகள், நாயகி நிக்கோலுக்கும் ஓர் இளவரசருக்கும் இருந்த பழைய உறவு என்று பக்கம் பக்கமாகப் போகிறது. பத்திரிகையாளர் பிரான்செஸ்கா பண ஒப்பந்தத்துக்காகச் சதி செய்கிறார். ரோபோ அறுவை சிகிச்சை செய்யும்போது தளபதி இறக்கிறார். ஆள்களுக்கு ஆழம் வேண்டும் என்ற குறையைத் தீர்க்க நினைத்திருக்கிறார்கள், சரி. ஆனால் ரகசியங்களைக் கூட்டிவிட்டால் மனிதர்கள் உயிர்பெற்றுவிடுவார்களா என்ன? நிக்கோல் மட்டும் தேறுகிறார். அவர் ராமாவின் 'நியூயார்க்' தீவில் ஒரு குழிக்குள் தனியாக மாட்டிக்கொள்ளும் பகுதியில் பழைய ராமா கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது.

மூன்றாவதுதான் என் பொறுமையைச் சோதித்தது. கலத்தில் மூவர் மட்டும் சிரியஸ் விண்மீன் பக்கம் பயணம், வழியில் குழந்தைகள். மரபணு வேறுபாடு வேண்டும் என்று நிக்கோல் இன்னொருவருடன் பிள்ளை பெற எடுக்கும் முடிவும் அதன் மனக்கசப்பும் ஒரு நல்ல நாவலுக்கான விஷயம், மறுக்கவில்லை. அப்புறம் இரண்டாயிரம் மனிதர்களைக் குடியேற்றுகிறார்கள். ஒரு ரவுடி சூதாட்டம் நடத்தி ஆட்சியைப் பிடிக்கிறான். வேற்றுலகக் கலத்துக்குள் உட்கார்ந்துகொண்டு ஊர் அரசியல் படிக்க வேண்டியிருக்கிறது. அதே கதையைப் பூமியில் ஒரு தீவில் வைத்து எழுதியிருந்தாலும் ஒரு வரி மாறாது. நிக்கோல் மரண தண்டனைக்குக் காத்திருக்கும்போது 'தொடரும்' போட்டதுபோல் முடித்துவிட்டார்கள்.

நான்காவதில் ஆக்டோஸ்பைடர்கள் என்ற எட்டுக்கால் உயிர்களின் நகரம் வருகிறது. உடம்பில் ஓடும் வண்ணப் பட்டைகள்தான் அவற்றின் மொழி. அந்த சமூகத்தின் ஒழுங்கும், அந்த ஒழுங்குக்கு அவை கொடுக்கும் விலையும் கவனமாக யோசித்து எழுதப்பட்டவை. மூன்று புத்தகங்களில் எனக்கு மிஞ்சியது அதுதான். பிறகு விடை வருகிறது: படைத்தவன் பிரபஞ்சத்தை வைத்துச் சோதனை செய்கிறான், ராமாக்கள் அதற்குத் தகவல் திரட்டுகின்றன. விடை பிழை என்று சொல்லவில்லை. ஆனால் நண்டுகூடத் திரும்பிப் பார்க்காத மனிதன் இப்போது கணக்கெடுத்துப் பராமரிக்கப்படும் சோதனைப் பொருள் ஆகிவிட்டான். முதல் நாவலில் வாயடைக்க வைத்த அந்த அலட்சியம் போய்விட்டது. மற்ற குறைகளை எல்லாம் மன்னித்திருப்பேன்.

நல்ல வேளையாக, பின்னால் வந்தவை முதல் புத்தகத்தைத் தொடவில்லை. 2017இல் சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து ஔமுவாமுவா என்ற விண்பொருள் வந்தபோது பலருக்கும் ராமாதான் ஞாபகம் வந்தது. நானும் முதலாவதைத்தான் எடுத்து வைத்தேன், நிக்கோல் குடும்பம் நினைவில்கூட இல்லை.

வாங்குகிறவர்களுக்கு: முதலாவதைத் தனியாக வாங்குங்கள், நான்கும் சேர்ந்த செட் விலை குறைவாகத் தெரிந்தாலும் வேண்டாம். ஆவல் அடங்கவில்லை என்றால் இரண்டாவதில் தீவுப் பகுதி, நான்காவதில் ஆக்டோஸ்பைடர் நகரம் இரண்டையும் நூலகத்தில் எடுத்துப் படித்துக்கொள்ளலாம். மூன்றாவதைத் தாண்டிப் போனால் கதை புரியாமல் போகாது, நான்காவதின் தொடக்கத்திலேயே யார் எங்கே என்று பிடிபட்டுவிடும்.