911 இன்ஜினைக் காரில் ஏற்றும் முன் கீழ் வால்வ் கவரைத் திறந்து பாருங்கள்

பழைய ஏர்கூல்டு போர்ஷே 911-ன் இன்ஜினை வெளியே கொடுத்து வேலை பார்த்து, வீட்டிலேயே திரும்ப மாட்டப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பளபளவென்று வந்து சேர்ந்த இன்ஜினை நம்பி அப்படியே ஏற்றிவிடாதீர்கள். பில்லில் உள்ள ஒவ்வொரு பொருளும் உள்ளே உண்மையில் மாறியிருக்கிறதா என்று, இன்ஜின் தரையில் இருக்கும்போதே பாருங்கள். எனக்கு நடந்ததை முழுதாகச் சொல்கிறேன். விவகாரம் கோர்ட்டில் இருப்பதால் கடையின் பெயரையும் ஊரையும் எழுதவில்லை. கலிபோர்னியாவில், பழைய போர்ஷேக்களுக்கு மட்டும் வேலை பார்ப்பதாகச் சொல்லிக்கொள்ளும் கடை என்பது வரை போதும்.

என் கார் 1982 911 எஸ்சி. 3.0 லிட்டர், ஆறு சிலிண்டர் பாக்ஸர் இன்ஜின் (சிலிண்டர்கள் இரண்டு பக்கமும் படுத்திருக்கும்), 915 கியர்பாக்ஸ். இந்த மாடலில் எல்லோருக்கும் தெரிந்த நோய் ஒன்று உண்டு: ஹெட் ஸ்டட் (சிலிண்டரின் தலைப்பகுதியான ஹெட்டைப் பிடிக்கும் நீளத் திருகுக் கம்பி) உடைவது. சிலிண்டருக்கு நான்காக மொத்தம் 24 ஸ்டட்கள், ஹெட்டையும் சிலிண்டரையும் கிரான்க் கேஸோடு (இன்ஜினின் நடு உடலோடு) இறுக்கிப் பிடித்திருக்கின்றன. மேல் வரிசை 12-ம் சாதாரண ஸ்டீல், பெரும்பாலும் தொந்தரவு தராது. கீழே எக்ஸாஸ்ட் பக்கம் இருக்கும் 12-ம் டிலாவர் என்ற கலவை உலோகம். சூட்டில் அலுமினியம் விரிகிற அளவுக்கு இதுவும் விரியும் என்பதற்காகப் போர்ஷே இதைப் போட்டது. ஆனால் ஈரமும் உப்பும் பட்டு மெல்ல அரித்து, ஒருநாள் முறிந்துவிடும். வண்டி ஓடும்போதுதான் முறியும் என்றில்லை. கராஜில் சும்மா நிற்கும்போதே உடைந்த கதைகள் ஏராளம்.

என் காரிலும் அதுதான் நடந்தது. வால்வ் கிளியரன்ஸ் பார்க்கக் கீழ் வால்வ் கவரை (வால்வுகளை மூடியிருக்கும் அடிப்பக்க மூடியை) கழற்றியபோது இரண்டு ஸ்டட்கள் போயிருந்தன. இன்ஜினை நானே இறக்கினேன். மேல்பாதி வேலையை மட்டும் கடைக்குக் கொடுத்தேன். ஒப்புக்கொண்டது எழுத்தில் இருக்கிறது: கீழ் வரிசை 12 ஸ்டட்களையும் எடுத்துவிட்டு ஸ்டீல் ஸ்டட் போடுவது, ஹெட்களுக்கு வால்வ் கைடும் வால்வ் வேலையும், பிஸ்டன் ரிங் மாற்றுவது, புது கிளட்ச் செட், ஃப்ளைவீல் பக்க சீல். பில் 11,000 டாலரைத் தாண்டியது. பாதியை முன்பணமாகவும் மீதியை இன்ஜினை எடுக்கப் போன அன்றும் கொடுத்தேன்.

கைக்கு வந்த இன்ஜினைப் பார்த்தால் யாருக்கும் மனம் நிறைந்துவிடும். சுற்றியிருக்கும் தகடுகளுக்கெல்லாம் புது பவுடர் கோட்டிங். ஃபேன் மினுமினுத்தது. ஹோஸ்களும் கிளாம்புகளும் புதுசு. கண்ணில் படுகிற எல்லாவற்றுக்கும் காசு செலவழித்திருந்தார்கள்.

முதல் சந்தேகம் கிளட்ச்சில் வந்தது. கியர்பாக்ஸை இன்ஜினோடு சேர்க்கும் வேலை எனக்கும், உதவிக்கு வந்த தம்பி ஒருவருக்கும். இந்த 915-ல், கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் பிரஷர் பிளேட்டிலேயே இருக்கும். கியர்பாக்ஸை நகர்த்தும்போதே உள்ளிருக்கும் ஃபோர்க்கை அந்தப் பேரிங்கின் காதுகளில் சரியாகக் கோக்க வேண்டும். அதற்காக டார்ச் அடித்து உள்ளே பார்த்தபோது கிளட்ச் டிஸ்க்கின் நடுப்பகுதி தெரிந்தது. ரப்பர் மையம், அதுவும் விரிசல் விட்ட ரப்பர். எஸ்சி வெளிவந்தபோது ஃபேக்டரியில் போட்ட அந்த ரப்பர் டிஸ்க், காலப்போக்கில் பிய்ந்துபோய்க் கிளட்ச்சையே மாட்டிக்கொள்ளவைக்கும் என்பது ஊரறிந்த விஷயம். இன்று புது செட் வாங்கினால் ஸ்பிரிங் வைத்த டிஸ்க்தான் போடுவார்கள். பில்லில் ‘புது கிளட்ச் செட்’ என்று விலையோடு இருக்கிறது. பிரஷர் பிளேட் மட்டும் புதுசு. டிஸ்க் என் காரிலிருந்து வந்த அதே பழசு.

அங்கேயே வேலையை நிறுத்திவிட்டேன். கிளட்ச்சில் இப்படிச் செய்தவர்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் என்ன செய்திருப்பார்கள் என்ற கேள்வி வந்துவிட்டது. இன்ஜினின் அடிப்பக்கத்தில் மாட்டும் ஹீட் எக்ஸ்சேஞ்சர்கள் வீட்டிலேயே இருந்தன, இன்னும் மாட்டவில்லை. அதனால் இன்ஜினைத் தூக்கி வைத்து அடியில் பார்த்தால் கீழ் வரிசை ஸ்டட்கள் சிலிண்டர்களுக்கு இடையே தெரிந்தன. இங்கே ஒரு எளிய சோதனை இருக்கிறது, எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீல் ஸ்டட்டில் காந்தம் ஒட்டும். டிலாவரில் ஒட்டாது. கீழே விழுந்த நட்டை எடுக்க வைத்திருக்கும், நீளக் கம்பி நுனியில் காந்தமுள்ள குச்சி போதும். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தோம். 12-ல் இரண்டில்தான் ஒட்டியது. உடைந்திருந்த இரண்டை மட்டும் மாற்றிவிட்டு, மீதி பத்தையும் அப்படியே விட்டிருக்கிறார்கள். பில்லில் 12 ஸ்டட்டுக்கும், 12 ஸ்டட்டைக் கழற்றிப் போட்ட கூலிக்கும் காசு வாங்கியிருக்கிறார்கள். பழைய ஸ்டட்டைக் கேஸிலிருந்து எடுப்பது சூடு காட்டிப் பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை. அந்த உழைப்பைத்தான் மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

கீழ் வால்வ் கவரைத் திறந்தோம். தம்பி கையை உள்ளே விட்டவர், “அண்ணா, இந்த நட்டு விரலோடயே சுத்துது” என்றார். ஹெட் நட்டுகள் சுமார் 32 நியூட்டன் மீட்டரில் இறுகியிருக்க வேண்டியவை. விரலில் சுற்றுகிறது என்றால் அடியில் ஸ்டட் முறிந்துவிட்டது என்று அர்த்தம். பழைய ஸ்டட்டைத் தளர்த்தித் திரும்ப இறுக்கியதில், ஒருமுறைகூட ஸ்டார்ட் ஆகாத ‘புது’ இன்ஜினில் ஒன்று ஏற்கெனவே போய்விட்டது.

இதை ஏற்றிய பிறகு கண்டுபிடித்திருந்தால் என்ன ஆகும் என்று இந்த வேலையைச் செய்தவர்களுக்குத் தெரியும். 911-ல் இன்ஜின் பின்சக்கரங்களுக்கும் பின்னால், தாழ்வாக உட்கார்ந்திருக்கிறது. மேலே தூக்கி எடுக்க முடியாது, கீழ்வழியாகத்தான் வரும், போகும். காரின் பின்பக்கத்தை உயரமான ஸ்டாண்டுகளில் நிறுத்தி, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஒரே துண்டாக ஜாக்கில் வைத்து, அங்குலம் அங்குலமாக ஏற்ற வேண்டும். இரண்டும் சேர்ந்து 200 கிலோவுக்கு நிச்சயம் மேல். ஜாக்கில் அது சரிந்தால் கை போய்விடும். ஏற்றிய பிறகு டிரைவ் ஷாஃப்ட்கள், பின்சீட்டுகளுக்கு நடுவே மூடிக்குள் இருக்கும் கியர் கப்ளிங், கிளட்ச் கேபிள், ஆக்ஸிலரேட்டர் லிங்க், பெட்ரோல் லைன்கள், ஸ்டார்ட்டர் ஒயர், கியர்பாக்ஸிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டை எல்லாம் மாட்ட வேண்டும். (அந்த எர்த் பட்டையை மறந்தால் ஸ்டார்ட்டர் முக்கி முனகும், கரண்ட் கேபிள்கள் வழியாகப் பாயும். தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.) வலது பின்சக்கரத்துக்கு அருகில் இருக்கும் ஆயில் டேங்கின் பெரிய ஹோஸ்களையும் மாட்டி, பத்து லிட்டருக்குக் குறையாத ஆயிலை ஊற்றி, இக்னிஷனையும் பெட்ரோல் பம்ப் ரிலேயையும் கழற்றி வைத்துவிட்டு, ஆயில் பிரஷர் வரும்வரை ஸ்டார்ட்டரில் சுற்ற வேண்டும். ஒரு ஸ்டட்டுக்காக இத்தனையையும் பின்னோக்கிச் செய்து, மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும். கடைக்காரர்கள் இதைத்தான் நம்புகிறார்கள். ஏற்றிவிட்ட ஆள் திரும்ப இறக்கிக் காட்ட மாட்டான். உடைந்தாலும் ‘பழைய வண்டி, அப்படித்தான்’ என்று சொல்லிவிடலாம்.

இன்ஜினை வேறொரு வயதான மெக்கானிக்கிடம் கொண்டு போனேன். ஒவ்வொரு கட்டத்தையும் போட்டோ எடுத்து, பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவதாக அவர் சம்மதித்த பிறகே பிரித்தோம். அப்போது இன்னொன்று வெளியே வந்தது. இது ஏமாற்று என்பதைவிட அறியாமை, ஆனால் நஷ்டம் இதில்தான் அதிகம். எஸ்சி இன்ஜின்களுக்கு இரண்டு வகை சிலிண்டர்கள் வந்தன. மாலே கம்பெனியின் நிகாசில், கேஎஸ் கம்பெனியின் அலூசில். நிகாசிலில் உட்சுவருக்கு நிக்கல் பூச்சு உண்டு. அலூசிலில் பூச்சே கிடையாது. அலுமினியத்தில் கலந்துள்ள சிலிக்கன் துகள்கள் மேற்பரப்பில் சற்றுத் துருத்தி நின்று, அவைதான் ரிங்கின் தேய்மானத்தைத் தாங்கும். அதன் மேல் சாதாரண ஹோனிங் கல்லை (சிலிண்டர் சுவரைத் தேய்க்கும் கல்லை) ஓட்டினால் அந்தத் துகள்கள் பிய்ந்துபோகும். என்னுடையது அலூசில். பிஸ்டனின் பக்கவாட்டில் காந்தம் வைத்தால் ஒட்டியது. அலூசில் சிலிண்டருக்கான பிஸ்டனுக்கு மட்டும் இரும்புப் பூச்சு இருப்பதால் இந்த அடையாளம். கடையில் ஆறு சிலிண்டரிலும் ஹோனிங் கல்லை ஓட்டிக் குறுக்குக் கோடு போட்டுவிட்டு, அதற்கும் பில் போட்டிருந்தார்கள். அந்தச் சிலிண்டர்கள் இனி உதவாது. பிஸ்டனோடு சேர்த்துப் புது செட் வாங்குவதற்குப் பல ஆயிரம் டாலர். இப்படியே ஓட்டியிருந்தால் ஆயில் குடித்துப் புகை கக்கியிருக்கும். இங்கே 1976 மாடலும் அதற்குப் பிந்தையதுமான பெட்ரோல் கார்களுக்கு, மிகப் புதியவை தவிர, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புகைச் சோதனை உண்டு, அதிலும் தேறியிருக்காது.

கடைக்காரரிடம் முதலில் மரியாதையாகத்தான் பேசினேன். மீதி ஸ்டட்களைச் சோதித்தோம், நன்றாக இருந்தன, அதனால் விட்டோம் என்றார். அப்படியானால் பில்லில் ஏன் 12 என்று கேட்டதற்கு, கம்ப்யூட்டரில் வழக்கமாக வரும் வரி அது என்றார். கிளட்ச் டிஸ்க்கைப் பற்றிக் கேட்டபோது, நான்தான் மாற்றி வைத்துவிட்டுப் பழி போடுகிறேன் என்று குரலை உயர்த்தினார். அதோடு பேச்சை நிறுத்திவிட்டேன்.

கலிபோர்னியாவில் இருப்பவர்கள் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ரிப்பேர் கடைகளைக் கண்காணிக்க மாநில அரசின் பியூரோ ஆஃப் ஆட்டோமோட்டிவ் ரிப்பேர் இருக்கிறது. வேலைக்கு முன் எழுத்தில் எஸ்டிமேட் தர வேண்டும். போட்ட பாகங்களை பில்லில் குறிப்பிட வேண்டும். பழைய பாகமோ ரீபில்ட் செய்ததோ போட்டால் அதையும் தெளிவாக எழுத வேண்டும். நான் பில், எஸ்டிமேட், போட்டோக்கள், இரண்டாவது மெக்கானிக்கின் அறிக்கை எல்லாவற்றையும் வைத்துப் புகார் கொடுத்தேன். அவர்கள் கடைக்காரரோடு பேசிச் சமரசம் செய்ய முயல்வார்களே தவிர, பணத்தைத் திருப்பிக் கொடு என்று உத்தரவு போட முடியாது. ஆனாலும் புகார் போன பிறகுதான் ஸ்டட்களுக்கும் கிளட்ச்சுக்கும் வாங்கிய காசு திரும்பி வந்தது. சிலிண்டர் விஷயத்தில் கடை இறங்கி வரவில்லை. தனிநபருக்கு ஸ்மால் கிளைம்ஸ் கோர்ட்டில் 12,500 டாலர் வரை கேட்கலாம், வக்கீல் தேவையில்லை. அங்கே வழக்குப் போட்டிருக்கிறேன், விசாரணைத் தேதிக்குக் காத்திருக்கிறேன்.

உங்கள் இன்ஜின் இப்போது ஏதாவது கடையில் இருந்தால், பிரித்த நிலையில் இருக்கும்போதே ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். வேண்டாம், இன்ஷூரன்ஸ் அனுமதிக்காது என்று தட்டிக் கழித்தால் போட்டோவாவது கேளுங்கள். சிலிண்டர் நிகாசிலா அலூசிலா என்று அவர்கள் வாயாலேயே சொல்லவைத்து ஈமெயிலில் வாங்குங்கள். ஹோன் செய்வோம் என்று யோசிக்காமல் சொல்லும் கடையிலிருந்து சிலிண்டர்களை உடனே எடுத்துவிடுங்கள். மீதிப் பணத்தை, இன்ஜினைத் தரையில் வைத்துக் காந்தக் குச்சியோடு அடியில் பார்த்த பிறகு கொடுப்பதாக முன்பே பேசிக்கொள்ளுங்கள். நேர்மையான மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார். எனக்கு இப்போது வேலை செய்து தருபவர், கழற்றிய பத்து டிலாவர் ஸ்டட்களையும் நான் கேட்காமலே ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தார்.

இன்னும் இன்ஜினைக் கொடுக்காதவர்கள், வேலை உத்தரவில் கையெழுத்துப் போடும் முன்பே, கழற்றும் பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று அதில் எழுதவையுங்கள். அப்போதே கேட்டால் இந்த மாநிலச் சட்டப்படி, சில விலக்குகள் தவிர, அவர்கள் தந்தாக வேண்டும். வேலை முடிந்த பிறகு கேட்டால் குப்பையில் போட்டுவிட்டோம் என்பார்கள்.