சீல் மாற்றக் காசு கேட்டால், முதலில் குமிழியைக் காட்டச் சொல்லுங்கள்

ஒன்ராறியோவின் சிம்கோ ஏரிப் பக்கம் போட் வைத்திருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்தக் கோடையில் ஒரு சின்ன ஒயில் கசிவுக்கு 1,790 டொலர் கொடுத்தேன். கசிவு நிற்கவில்லை. பட்டறையின் பெயர் வேண்டாம். இதே வித்தையை வேறு இடங்களிலும் காட்டுவார்கள்.

என்னுடையது 19 அடிப் பழைய போட். மேர்க்குரூசர் 4.3 எஞ்சின், பின்னால் அல்ஃபா வன் ஜென் 2 ட்ரைவ். எஞ்சின் உள்ளே இருக்கும், அதன் சுழற்சியைப் புரொப்பெல்லருக்குக் கொண்டுபோகும் ட்ரைவ் வெளியே தண்ணீருக்குள் நிற்கும். அதற்குள் ஏறத்தாழ 2 லீட்டர் கியர் ஒயில். தண்டுகளைச் சுற்றி அதைக் கசியவிடாமல் அடைக்கும் றப்பர் வளையங்களைத்தான் சீல் என்பார்கள். அளவு குறைகிறதா என்று பார்க்க எஞ்சின் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் போத்தல் உண்டு. ஜூனில் அந்தப் போத்தல் இறங்கத் தொடங்கியது, இரண்டு கிழமைக்கு ஒரு விரல் அளவு.

தெரிந்த ஒருவர் சொல்லி அந்தப் பட்டறைக்குப் போனேன். முன்னுக்கு நின்றவர் நம் ஆள்தான். புரொப்பெல்லரின் நடுத்துளையில் கறுப்பாகப் பிசுபிசுத்ததை விரலால் தொட்டுக் காட்டி, "பாத்தீங்களே அண்ணை, தூண்டில் நூல் சுத்திச் சீலை வெட்டியிருக்கு" என்றார். எனக்கு அது சரியாகவே பட்டது. புரொப்பெல்லருக்கும் ட்ரைவுக்கும் இடையில் நூல் புகுந்து சீலை அறுப்பது அடிக்கடி நடப்பதுதான். 640 டொலர். எழுத்தில் மதிப்பீடு கேட்கவில்லை. நம் ஆள் அல்லவா.

முதல் ஓட்டத்திலேயே போத்தல் மறுபடி இறங்கியது. போன் எடுத்தால், "உள்ளுக்க காத்து நிண்டிருக்கும், விட்டு நிரப்புங்கோ" என்றார். இதில் பாதி உண்மை. ஒயிலைக் கீழ்த் துளை வழியாக மேல்நோக்கித்தான் ஏற்றுவார்கள். எங்காவது தங்கிய காற்று முதல் ஓட்டத்தில் வெளியேற, போத்தல் கொஞ்சம் இறங்கும். ஆனால் மூன்றாம் கிழமையும் இறங்கினால் அது காற்று இல்லை. திரும்பக் கொண்டுபோனேன். இந்தமுறை கியர் மாற்றும் தண்டின் சீல் என்றார்கள். கீழ்ப்பாதியைக் கழற்றினால் தண்ணீர்ப் பம்பும் கைக்கு வருமாம், "கையோட அதையும் மாத்தினா நல்லது." 1,150 டொலர். பழைய பாகங்களைக் கேட்டேன், குப்பையில் போய்விட்டது என்றார்கள். அவற்றை மாற்றினார்களா என்பதே இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

ஜூலைக் கடைசியில் மூன்றாவது தீர்ப்பு: ஹவுசிங், அதாவது ட்ரைவின் உலோகக் கூடு, வெடித்துவிட்டது, வேறு ட்ரைவ் போடவேண்டும், 4,800. வெடிப்பு எங்கே என்று கேட்டால், "உள்ளுக்க அண்ணை, வெளியில தெரியாது."

என் போட்டுக்குப் பக்கத்தில் தரிக்கும் ஓய்வுபெற்ற கனேடியக் கிழவர் ஒருவரிடம் இதைச் சொல்லி அழுதேன். அவர் கேட்டவை இரண்டே கேள்விகள். காலையில் ட்ரைவைச் சுற்றித் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் தெரிகிறதா? ஒருநாளும் இல்லை. போட்டின் அடியில், எஞ்சினுக்குக் கீழே ஒயில் நிற்கிறதா? இல்லை. "அப்படியென்றால் ஒயில் எங்கே போகிறது?" என்றார். இரண்டு மாதமாக நானும் கேட்கவில்லை, பட்டறையும் கேட்கவில்லை.

பிறகு அந்தக் கறுப்பை வெள்ளைக் கடதாசியில் துடைத்து என் மூக்கில் நீட்டினார். கருகிய பெற்றோல் மணம். எஞ்சினின் புகை புரொப்பெல்லரின் நடு வழியாகத்தான் வெளியே போகிறது, அங்கே கரி படியாமல் என்ன செய்யும்? கியர் ஒயில் என்றால் கந்தகம் நாறும். பருத்தித்துறையில் பெரியப்பா தன் வள்ளத்து மோட்டாரின் ஒயிலை வடித்து மணந்து பார்ப்பார். அதைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது தோன்றவில்லை.

அடுத்த சனிக்கிழமை போட்டை ட்ரெய்லரில் ஏற்றி ஒயிலை வடித்தோம். பால் நிறம் இல்லை, ஆகவே தண்ணீர் புகவில்லை. ஒயில் துளையை மூடும் காந்தத் திருகில் மெல்லிய சாம்பல் பசை மட்டும், அது வழமையானது. உலோகத் துணுக்கு இருந்தால்தான் பயப்படவேண்டும். போத்தலுக்குப் போகும் குழாயை அடைத்து, கீழ்த் துளையில் மானி பூட்டிய கைப்பம்பை வைத்து 12 பிஎஸ்ஐ அழுத்தம் வரை காற்று ஏற்றினார். நான் புரொப்பெல்லரைக் கையால் சுற்ற, அவர் சவர்க்காரத் தண்ணீர் தெளித்தார். கசியும் இடத்தில் குமிழி வரும். 640 டொலர் சீலில் குமிழி இல்லை. திருகுகளில் இல்லை, நடு இணைப்பிலும் இல்லை. ஆனால் ஐந்து நிமிடத்தில் மானியின் முள் 8க்கு இறங்கிவிட்டது.

கியரை முன்னோக்கிப் போட்டு, ஆறு நட்டையும் கழற்றி, இருவருமாக ட்ரைவை இழுத்தோம். எஞ்சினிலிருந்து தண்டு வரும் வழியை மூடியிருக்கும் மடிப்பு றப்பர், பெலோஸ் என்பார்கள், அதற்குள்ளிருந்து அரைக் கோப்பை ஒயில் என் சப்பாத்தில் கொட்டியது. உள்ளே தண்டின் வளைந்து சுழலும் மூட்டான யூ-ஜொயின்ட் முழுக்க ஒயில். அதற்குப் பின்னால் தண்டு ட்ரைவுக்குள் நுழையும் இடத்துச் சீல்தான் போயிருந்தது. மீண்டும் காற்று ஏற்றித் தெளித்தபோது அந்த இடம் பால் பொங்குவதுபோல் பொங்கியது. போத்தல் ட்ரைவைவிட உயரத்தில் இருப்பதால் ஒயில் வெளியே தள்ளப்பட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. ஹவுசிங்கில் எந்த வெடிப்பும் இல்லை.

சீல், ஓ-ரிங், ஒயிலில் ஊறிய பெலோஸ், திருகுகளுக்குப் புது வாஷர், எல்லாம் 210 டொலர். பூட்டிய பிறகு காற்றை உறிஞ்சியும் சோதித்தார். வெளியே விடாத சீல் சிலவேளை உள்ளே விடுமாம்.

ஆகவே கொண்டுபோகும் முன்பே சொல்லிவிடுங்கள்: முதலில் அழுத்தச் சோதனை, அதற்குத் தனி விலை, கசியும் இடத்தை எனக்குக் காட்டவேண்டும், கழற்றிய பாகம் எனக்கு வேண்டும். மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஒப்பந்தத்தில் மதிப்பீடு இருந்தால், அதற்கு மேல் 10 சதவீதத்தைத் தாண்டி அறவிட முடியாது. என்னிடம் கடதாசி இல்லை, அதனால் வாதாட ஒன்றும் இல்லை. ஒக்டோபருக்கு முன் ஒயிலை வடித்தும் பாருங்கள். தண்ணீர் புகுந்திருந்தால் குளிரில் உறைந்து ஹவுசிங்கை உண்மையாகவே வெடிக்கவைக்கும்.

பழைய சீலைப் பையில் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனேன். அதே ஆள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எங்கட வேலை இல்லையே அண்ணை. வேணுமெண்டால் போட்டைக் கொண்டு வாங்கோ, செக் பண்ண 150" என்றார்.